பலாலி – சென்னை: 354 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்?

கொக்குவில்மதி | ஜூலை 2, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைக் கண் பரிசோதனைக்காகச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். வைத்தியரிடம் நாள் எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் இரண்டும் சரியில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் எழும்பவே கஷ்டப்படுவார். அதனால்தான் கொழும்பால் போகாமல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால் போக முடிவெடுத்தோம்.

குழப்பம் இதுதான். தூரம் எவ்வளவு என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 354 என்கிறது, இன்னொன்று 220, வேறொன்று 191. நேரமும் அப்படியே. ஓரிடத்தில் 25 நிமிடம், இன்னோரிடத்தில் 55 நிமிடம். கையில் இருக்கும் ரிக்கெற்றிலோ ஒன்றேகால் மணித்தியாலம். 25 நிமிடம் என்று வாசித்துக் காட்டியதும் அம்மா, "பருத்தித்துறைக்குப் பஸ்ஸில போறதை விடக் கெதி" என்று சந்தோஷப்பட்டார். ஒன்றேகால் மணித்தியாலம் என்றதும் முகம் வாடிவிட்டது.

எனக்குத் தெரியவேண்டியது இரண்டு. உண்மையில் அவர் பிளேனுக்குள் எவ்வளவு நேரம் இருக்க வேண்டிவரும்? வீட்டுப் படலையால் வெளிக்கிட்டு, சென்னையில் அறைக்கதவைத் திறக்கும் வரை எவ்வளவு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குவாத்தி | ஜூலை 2, இரவு 9.25

பிள்ளை, மூன்று எண்ணும் ஒரே தூரம்தான். 354 என்பது கிலோமீட்டர், 220 என்பது தரை மைல், 191 என்பது கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் பாவிப்பது கடல் மைல். எந்த அலகு என்று அந்தத் தளங்கள் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், கண்ணில் பட்டிருக்காது.

இதை நீங்களே ஒரு கடதாசியில் செய்து பார்க்கலாம். பலாலியின் அகலக்கோடு 9 பாகை 47 கலை, சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை. வித்தியாசம் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, அதாவது 192 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல். ஆகவே 192 கடல் மைல், வேலை முடிந்தது. தளம் ஒன்று குறைத்து 191 என்று சொல்லுவதற்கும் காரணம் உண்டு. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நமது பக்கத்தில் ஒரு கலையின் நீளம் ஒரு கடல் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. 1852 மீற்றர் வரவேண்டிய இடத்தில் 1843 மீற்றர்தான் வரும்.

இவ்வளவு சுலபமாகக் கணக்குச் செய்யக் கிடைத்தது ஒரு அதிர்ஷ்டம். பலாலியின் நெடுங்கோடு 80 பாகை 4 கலை, மீனம்பாக்கம் 80 பாகை 11 கலை. ஏழே ஏழு கலை வித்தியாசம். நமது ஓடுபாதையில் நின்று நேர் வடக்கே கையை நீட்டினால் சென்னையைத்தான் காட்டுவீர்கள். முப்பது வருடம் வகுப்பில் அகலக்கோடு படிப்பித்தேன். இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்பட்டதில்லை.

25 நிமிடம் எப்படி வந்தது? பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் ஓடும். 354ஐ 850ஆல் வகுத்தால் 25 நிமிடம். அந்தத் தளம் உலகத்தில் எந்த இரண்டு ஊரைக் கேட்டாலும் அப்படித்தான் வகுக்கும். 55 நிமிடம் சொன்ன தளம், ஏறி இறங்க என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கிறது. ஆனால் பலாலிக்கு வருவது ஜெட் அல்ல. ஏ.ரி.ஆர். 72, சுழலி வைத்தது. அதன் முழு வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம். அதால் வகுத்தால் 42 நிமிடம். அதற்கு மேல் எனக்கு விமானத்தைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்கள் வரட்டும்.

மீனம்பாக்கத்தான் | ஜூலை 2, இரவு 10.50

வணக்கம். சென்னை விமான நிலையத்தில் தரைப்பணியில் பதினோரு வருஷம் இருந்தவன். சார் கணக்கை அழகாகச் சொல்லிவிட்டார். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் வானத்தில் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நிற்கும்போது சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைப்போம். புறப்படும் ஊரில் அந்தக் கட்டையை எடுக்கும் நிமிஷத்திலிருந்து, போய்ச் சேரும் ஊரில் திரும்பக் கட்டை வைக்கும் நிமிஷம் வரை எண்ணுவதுதான் அட்டவணை நேரம். நடுவில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். என்ஜினைக் கிளப்பி ஓடுபாதை முனைக்கு உருண்டு போக வேண்டும். ஏற வேண்டும். ஏ.டி.ஆர். பதினேழு பதினெட்டாயிரம் அடிக்கு ஏறவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. 354 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும், அந்த நேரத்தில் எல்லாம் முழு வேகம் கிடையாது. அதனால்தான் 42 நிமிஷம் என்பது நடைமுறையில் 50, 55 ஆகிவிடும். அப்புறம் சென்னை. பலாலியில் நீங்கள் ஏறும் நேரத்தில் உங்கள் விமானம் ஒன்றுதான் நிற்கும். இங்கே அப்படி இல்லை. பெரிய விமானங்கள் வரிசையில் வரும்போது சின்னதைக் கொஞ்சம் சுற்றிவரச் சொல்வார்கள். இறங்கிய பிறகும் நிற்கும் இடத்துக்கு உருண்டு வரப் பத்து நிமிஷம் ஆகலாம்.

இன்னொன்று. சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. அதனால் நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போடுவார்கள். முன்கூட்டி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அம்மாவுக்காகச் சில விஷயம். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில், இடது பக்கம் இருக்கும். முன்பக்கம் சாமான் அறை. கதவே கீழே மடங்கிப் படியாகும். ஏழெட்டுப் படிக்குள்தான், பெரிய விமானத்து ஏணி மாதிரி உயரம் கிடையாது. ஆனாலும் முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவும் பெரிசுதான், டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். சும்மா கவுண்டரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இருக்கையைக் கடைசி வரிசைகளில் வாங்குங்கள். கதவு பக்கம், நடை குறைவு. சுழலியின் சத்தமும் முன்வரிசைகளை விட அங்கே குறைவு. ஒரு பக்கத்துக்கு இரண்டே இருக்கை என்பதால் நீங்களும் அம்மாவும் மட்டும்தான், நடுவில் மூன்றாம் ஆள் வர மாட்டார்.

கொக்குவில்மதி | ஜூலை 3, காலை 6.15

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சேர், உங்கள் கணக்கை அம்மாவுக்கும் செய்து காட்டினேன். 192 கலை என்றதும் தன் பழைய அட்லஸைத் தேடி எடுத்து வந்துவிட்டார். கண் மங்கல் என்றாலும் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

சக்கர நாற்காலி பதியவில்லை. இன்றைக்கே செய்கிறேன்.

உறையூர்க்காரன் | ஜூலை 3, காலை 9.10

திருச்சியை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்? 2025 மார்ச் 30 முதல் திருச்சி – யாழ்ப்பாணம் விமானம் இருக்கிறது. நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர்தான், சென்னையில் பாதி. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விமான நிலையமும் சின்னது, கூட்டம் குறைவு, ஊருக்குள்ளேயே இருக்கிறது. கண் வைத்தியம் என்றால் மதுரை அரவிந்த் இருக்கிறது, 1976இலிருந்து நடக்கும் ஆஸ்பத்திரி. திருச்சியிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்.

மீனம்பாக்கத்தான் | ஜூலை 3, காலை 9.40

திருச்சி நல்ல யோசனைதான். ஆனால் பாருங்கள், தூரம் பாதியானால் நேரம் பாதியாகாது. கட்டை எடுப்பது, உருளுவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதே அளவு. குறைவது நடுவில் இருக்கும் கொஞ்சம்தான். 354 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி என்றால் 184க்கு ஒரு மணி. கால் மணி நேரம் மிச்சம். அதற்காக மதுரைக்கு இரண்டரை மணி நேரம் காரில் உட்கார வைத்தால் அந்தம்மா முழங்கால் என்ன ஆவது? வைத்தியம் திருச்சியிலேயே என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருச்சிக்குப் போகலாம். வேளாங்கண்ணி, தஞ்சாவூர், கும்பகோணம் போகிறவர்களுக்கும் அதுதான் சரி.

உறையூர்க்காரன் | ஜூலை 3, காலை 10.05

முழங்கால் விஷயத்தைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். சென்னையில் நாள் வாங்கியாகிவிட்டது என்றால் அதையே பாருங்கள் சகோதரி. அடுத்தமுறை கோயில் குளம் என்று வந்தால் எங்கள் பக்கம் வாருங்கள்.

வாடைக்காற்று | ஜூலை 3, மதியம் 1.30

மதி தங்கச்சி எப்ப போறீங்கள் என்று எழுதவில்லை. ஜூலை என்றால் சோளகம், மார்கழி என்றால் வேறு கதை. நேரம் கேட்கிறபடியால் காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் மயிலிட்டி. பரம்பரையாகக் கடல் தொழில். காற்றுக்குப் பெயர் சொல்லித்தான் வளர்ந்தோம்: தென்மேற்கிலிருந்து சோளகம், வடகிழக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல். வருடத்தில் பெரும்பகுதியை ஆளுவது சோளகமும் வாடையும். பலாலி ஓடுபாதையின் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எழுதியிருக்கும். அது திசைகாட்டியின் 50 பாகை, 230 பாகை. 50 பாகை வடகிழக்கு, 230 பாகை தென்மேற்கு. அதாவது ஓடுபாதை கிடப்பது சரியாக வாடைக்கும் சோளகத்துக்கும் நேராக. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரரின் விமானப்படை இதைப் போட்டது. எங்கள் ஆட்கள் வள்ளத்தை எந்தக் காற்றுக்கு நேராகத் திருப்புவார்களோ அதே காற்றுக்கு நேராக அவர்கள் ஓடுபாதையைப் போட்டிருக்கிறார்கள்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். சோளகக் காலத்தில் சென்னையிலிருந்து வரும் விமானம் கடல் பக்கத்தால், வடகிழக்கிலிருந்து நேரே வந்து தென்மேற்கைப் பார்த்து இறங்கிவிடும். சுற்று இல்லை. வாடைக் காலத்தில் மறுபக்கத்தால் இறங்கவேண்டும், அப்ப வலிகாமத்துக்கு மேலால் போய் வளைந்து திரும்பி வரும். ஐந்து நிமிடமோ கொஞ்சம் கூடவோ எடுக்கும். வடக்கே போகும் பயணத்துக்குச் சோளகம் பின்னால் தள்ளும், வாடை முகத்தில் அடிக்கும். ஒரே ரிக்கெற், ஒரே தூரம், ஆனால் ஆடியில் ஒரு நேரம், மார்கழியில் ஒரு நேரம்.

திரும்பி வரும்போது வலப்பக்க யன்னல் எடுங்கள். வரும் வழி முழுக்கத் தமிழ்நாட்டுக் கரை அந்தப் பக்கம்தான் வரும். சோளகத்தில் இறங்கினால் கடைசி நிமிடத்தில் மயிலிட்டித் துறைமுகமும் அதே பக்கம். ஏ.ரி.ஆருக்குச் செட்டை மேலே இருப்பதால் கீழே பார்க்க ஒன்றும் மறைக்காது.

கப்பலையும் யாராவது சொல்லுவீர்கள். நாகபட்டினம் – காங்கேசன்துறை 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கியது. எனக்குக் கடல்தான் பிடிக்கும், ஆனாலும் சோளகம் கடுமையாக வீசும் நாளில் முழங்கால் வருத்தக்காரரைக் கப்பலில் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

பழைய_பலாலி | ஜூலை 3, மாலை 5.20

தம்பி வாடைக்காற்று ஓடுபாதையைப் பற்றி எழுதியதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வயது 75. எங்கள் காணி ஓடுபாதைக்குத் தெற்கே இருந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கே வெறுமையாகியபோது நாங்களும் வெளிக்கிட்டோம்.

பலாலியால் சென்னைக்குப் போவது புதுசு அல்ல. இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதலாவது விமானமே இந்த வழியால் பறந்ததுதான். 1947 டிசம்பர் 10. இரத்மலானையிலிருந்து டக்கோட்டா வெளிக்கிட்டு, இங்கே இறங்கி, பிறகு மதராசுக்குப் போனது. அப்போது இதைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றுதான் சொல்லுவார்கள். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் திருச்சிக்கு அவ்ரோ விமானம் போகும். புடவைக் கடைக்காரர்கள் காலையில் போய் துணி எடுத்து வந்ததாகக் கதைப்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தத்தைக் கேட்டு நேரம் சொல்லுவோம்.

பிறகு போர். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த வழி மூடிக் கிடந்தது. அந்த வருடங்களில் சென்னைக்கு எப்படிப் போனோம் என்று இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2013இல் என் மனைவிக்கு இருதய வைத்தியம். இரவு ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம். 400 கிலோமீட்டர். விடியக் கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவி, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய், மூன்று மணித்தியாலம் காத்திருந்து, சென்னையில் இறங்கும்போது அடுத்த நாள் பின்னேரம். இருபது மணித்தியாலத்துக்கு மேல். அவவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது.

பிளேனில் யன்னல் பக்கம் நான் இருந்தேன். வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கீழே பார்த்தால் கடல்நீரேரி, பண்ணைப் பாலம், கோட்டை. இரவு முழுக்க எந்த ஊரை விட்டுத் தெற்கே ஓடினோமோ அந்த ஊருக்கு மேலால் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். அவ நித்திரை. எழுப்பிக் காட்டவில்லை.

கணக்குவாத்தி | ஜூலை 3, இரவு 8.15

பழைய_பலாலி அண்ணை, உங்கள் பதிவை வாசித்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கட்டுநாயக்கா 7 பாகை 11 கலை வடக்கு, 79 பாகை 53 கலை கிழக்கு. மீனம்பாக்கம் முன்பே சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நேர்கோடு இழுத்தால், யாழ்ப்பாண நகரத்தின் அகலக்கோடான 9 பாகை 40 கலைக்கு வரும்போது அந்தக் கோடு நிற்கும் நெடுங்கோடு 80 பாகை 1 கலை. நகரத்தின் நெடுங்கோடும் 80 பாகை 1 கலைதான்.

நீங்கள் கண்டது சரி. கோடு நகரத்துக்கு மேலாலேயே போகிறது. விமானங்கள் எப்போதும் நேர்கோட்டில் போவதில்லை என்றாலும் அன்றைக்கு உங்களுடையது அதன் கிட்டவாவது போயிருக்கிறது.

கட்டுநாயக்கா – சென்னை 644 கிலோமீட்டர். அதற்கு முன் தரையால் 400க்கு மேல். ஆக, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அலைந்திருக்கிறீர்கள், 354க்குப் பதிலாக. அதில் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர், தெற்கே போன தூரத்தை வடக்கே திரும்ப வந்தது மட்டும். நானும் அப்படிப் பல தடவை போயிருக்கிறேன். ஒருமுறையும் கோடு இழுத்துப் பார்க்கவில்லை.

லண்டன்தமிழச்சி | ஜூலை 4, அதிகாலை 2.30

மதி, நீங்கள் சென்னையோடு நிற்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருந்து சென்னையால் பலாலிக்கு வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

சென்ற வருடம் அப்பாவின் திவசத்துக்கு வந்தேன். லண்டன் – சென்னை ஒரு ரிக்கெற், சென்னை – பலாலி தனி ரிக்கெற். எடுத்துத் தந்த முகவர், "நடுவில் இரண்டரை மணித்தியாலம் இருக்கு, பலாலி ஒரு மணித்தியாலப் பறப்புத்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில நிப்பீங்கள்" என்றார். நானும் தூரத்தை மட்டும் பார்த்தேன். பதினொரு மணித்தியாலம் பறந்து வந்தவளுக்கு 354 கிலோமீட்டர் ஒரு தூரமாகவே தெரியவில்லை.

தனித்தனி ரிக்கெற் என்றால் பொதி நேரே மாறாது. குடிவரவைக் கடந்து இந்தியாவுக்குள் இறங்கி, பொதியை எடுத்து, சுங்கம் தாண்டி, வெளியே வந்து, திரும்பப் புறப்பாட்டு வாசலுக்குப் போய், முதலிலிருந்து எல்லாம். ஆகவே இந்திய விசா கட்டாயம் வேண்டும். அதை நான் எடுத்திருந்தேன், நல்ல காலம். எடுக்காமல் வந்த ஒரு குடும்பத்தை அங்கே நிற்கக் கண்டேன். என் விமானம் நாற்பது நிமிடம் பிந்தி இறங்கியது. குடிவரவு வரிசையில் ஒரு மணித்தியாலம். பொதி வர இன்னும் அரை மணித்தியாலம். கவுண்டருக்கு ஓடிப்போனபோது மூடிவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் அந்தச் சுழலி விமானம் நின்றதோ போய்விட்டதோ தெரியாது, எனக்கு அது நிற்பதுபோலவே இருந்தது. அடுத்தது மறுநாள். திவசம் காலையில். தம்பி போனில் எல்லாவற்றையும் காட்டினான், நான் ஒரு விடுதி அறையில் இருந்து பார்த்தேன்.

ஆகவே சொல்லுகிறேன். ஒரே பதிவில் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஆறு மணித்தியாலமாவது வையுங்கள், அல்லது ஒரு இரவு தங்குங்கள். முக்கியமான சடங்குக்கு வருபவர்கள் ஒரு நாள் முந்தி வந்து சேருங்கள்.

பழைய_பலாலி | ஜூலை 4, காலை 7.00

பிள்ளை லண்டன்தமிழச்சி, வாசித்து மனம் கஷ்டமாய்ப் போய்விட்டது. அப்பா எங்கேயிருந்து பார்த்தாலும் உங்களைப் பார்த்திருப்பார்.

நேரக் கணக்கில் ஒன்று நல்லதாகிவிட்டதையும் சொல்லவேண்டும். இப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே மணி. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பிறகு அரை மணித்தியாலமாக்கியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம், மற்ற இடத்தில் புது நேரம். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்திருந்த சமாதான காலத்தில், வன்னியின் வடக்கு எல்லைச் சாவடியான முகமாலையில் ஒரு தடவை, தெற்கு எல்லைச் சாவடியான ஓமந்தையில் ஒரு தடவை மணிக்கூட்டைத் திருப்பினோம். இன்றைக்கு பலாலியில் ஏறும் மணியும் சென்னையில் இறங்கும் மணியும் கழித்துப் பார்த்தாலே பயண நேரம்.

கொக்குவில்மதி | ஜூலை 4, காலை 8.30

அக்கா, இப்படி ஒன்று நடந்ததை எழுதியதற்கு நன்றி. தம்பி கனடாவிலிருந்து கார்த்திகையில் வருகிறான். இரண்டு தனி ரிக்கெற்தான் பார்த்து வைத்திருந்தான். இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் பயணம் 11ஆம் திகதி. சோளகம்தான் அண்ணா. போய்ச் சேர்ந்ததும் நிமிடக் கணக்கோடு எழுதுகிறேன்.

கொக்குவில்மதி | ஜூலை 12, இரவு 9.45

சொன்னபடி எழுதுகிறேன். எல்லாவற்றையும் ரிக்கெற்றின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன்.

படலையால் வெளிக்கிட்டது பகல் 12.20. விமான நிலைய வாசல் 12.55. பொதி போட்டு, குடிவரவு முடிந்து உள்ளே போய் இருந்தது 1.50. அங்கே அம்மா கொஞ்சம் நடந்தார், கொஞ்சம் இருந்தார், கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டார். சக்கர நாற்காலி சொல்லி வைத்தபடி வந்தது. விமானத்தில் ஏறியது 3.38. படி ஏழெட்டு இல்லை, ஐந்துதான். கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறினார்.

விமானம் அசைந்தது 3.56. சக்கரம் நிலத்தை விட்டது 4.01. மீனம்பாக்கத்தில் நிலத்தைத் தொட்டது 4.56. வந்து நின்றது 5.06. ஆகாயத்தில் சரியாக 55 நிமிடம், அசைந்ததிலிருந்து நின்றது வரை 70 நிமிடம். மீனம்பாக்கத்தான் அண்ணா சொன்ன கட்டையையும் பார்த்தேன். மஞ்சள் நிறம், நடுவில் கயிறு. ஒரு பொடியன் ஓடிவந்து வைத்தான். குடிவரவு, பொதி எல்லாம் முடித்து வெளியே வந்தது 6.05. அறைக்கதவைத் திறந்தது 6.50.

வீட்டிலிருந்து அறை வரை ஆறரை மணித்தியாலம். அம்மா பிளேனுக்குள் இருந்தது மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். பட்டி அவிழ்க்கலாம் என்று விளக்கு அணைந்ததும் எழும்பி இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். அதனால் இறங்கும்போது முழங்கால் பிடிக்கவில்லை.

போகும்போது இடப்பக்க யன்னல். தென்மேற்கைப் பார்த்து ஏறியது, வாடைக்காற்று அண்ணா சொன்னதேதான். ஏறும்போது செம்மண் தோட்டம், பனங்கூடல், அதற்கு அப்பால் கடல்நீரேரி வெள்ளித்தகடு மாதிரி. அம்மா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தார். எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. "எங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கையைப் பிடித்து விரலால் கண்ணாடியில் ஒரு இடத்தைக் காட்டினேன். விமானம் வலப்பக்கம் சரிந்து கடலுக்கு மேலால் வந்த பிறகும் அவர் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

இன்று காலை வைத்தியர் பார்த்தார். வலது கண்ணில் வெண்புரை, எடுத்தால் பார்வை வரும் என்றார். 15ஆம் திகதி சத்திரசிகிச்சை. திரும்பும் பயணம் 24ஆம் திகதி, வலப்பக்க யன்னல் எடுத்துவிட்டேன்.